சிறப்புப் பாராட்டு

ஏறிக்கொண்டே இருக்கிறாள், அந்த மேடைக்கு மொத்தம் ஐந்து படிகள்தான், ஆனாலும் என் நினைவில் பிலோமினா ஏறி முடிப்பதே இல்லை, கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவையின் கொசுவத்தை இடது கையால் சற்றுத் தூக்கிப் பிடித்திருக்கிறாள், புடவை கட்டிப் பழக்கமில்லாதவள், படப்பிடிப்பில் எப்போதும் பேன்ட்டும் தம்பியின் பழைய சட்டையும்தான், அறிவிப்பாளர் அவள் பெயரைப் பாதி விழுங்கிவிட்டு, நடுவர் குழுவின் சிறப்புப் பாராட்டு என்கிறார், அரங்கம் கை தட்டுகிறது, பெரிய விருதுகள் இன்னும் பாக்கியிருக்கின்றன என்று தெரிந்து தட்டுகிற அளவான தட்டல், முதல் வரிசையில் நடுவர்கள் ஐந்து பேரில் ஒருவனாக உட்கார்ந்து நானும் தட்டுகிறேன், அன்றைக்கு எல்லோரையும்விட பலமாகத் தட்டியது நான்தான் என்று இப்போது தோன்றுகிறது, வெட்கமாக இருக்கிறது.

அதற்கு முந்தின நாள் காலை, விடுதியின் ஏழாவது மாடி அறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல், எங்கள் தலைவர் லாஸ்லோ ஹங்கேரிக்காரர், எழுபது வயதைத் தாண்டியவர், தேநீரில் நான்கு சர்க்கரைக்கட்டிகளைப் போட்டுவிட்டுக் கலக்காமலே குடிக்கிறார், கீழேயிருந்து மேலே போவோம் என்கிறார், அது அவருடைய முறை, முதலில் சிறப்புப் பாராட்டு, பிறகு நடிப்பு, இயக்கம், கடைசியில் சிறந்த படம், ஒரு படத்துக்கு ஒரு விருதுதான், சிறியதோ பெரியதோ ஒன்றில் பெயர் விழுந்துவிட்டால் அந்தப் படம் மற்ற எதற்கும் கிடையாது, இது எனக்குத் தெரியாத விதியா, அதற்கு முன் மூன்று விழாக்களில் நடுவராக உட்கார்ந்து எழுந்தவன், முப்பது வருடமாகப் படத்தொகுப்பு செய்கிறவன், எது எதற்கு முன்னால் வரவேண்டும் என்பதுதானே என் பிழைப்பே, ஆனாலும் சிறப்புப் பாராட்டுக்கு யாராவது பெயர் சொல்கிறீர்களா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது, தமிழ்ப் படம் என்றேன், ஐஸ் கம்பெனிப் பெண்ணின் கதை. மற்ற நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அந்தப் பார்வையை நான் படித்திருக்க வேண்டும், நடுவர் குழுக்களில் சொல்லாமல் நடக்கிற ஒரு வழக்கம் உண்டு, உள்ளூர்ப் படம் என்று வந்தால் உள்ளூர் நடுவரின் முகத்தைப் பார்ப்பார்கள், அவனுக்குத்தானே அதன் அருமை தெரியும், அவனே ஒரு பாராட்டு போதும் என்றால் நமக்கென்ன என்று நினைப்பார்கள், அப்படித்தான் நினைத்தார்கள், சரி என்றார்கள், ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம்.

நம் ஊர்ப் படத்துக்குப் பெரியதாகக் கேட்டால் பாரபட்சம் என்பார்கள், இதையாவது வாங்கிக் கொடுத்துவிடுவோம், கெட்டிக்காரத்தனம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன், இல்லை, அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன், அது மட்டும் இல்லை. விழாவுக்கு வெகு முன்னால், வடபழனியில் என் தொகுப்பு அறை, அவள் படத்தை அப்போது நான்தான் வெட்டிக்கொண்டிருக்கிறேன், ஏசி ஒழுகிக்கொண்டிருக்கிறது, பிலோமினா பக்கத்து நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், திரையில் செல்வமேரி ஐஸ்பாளத்தை உடைக்கிறாள், செல்வமேரி நடிகை இல்லை, தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் பதினேழு வருடமாக ஐஸ் உடைக்கிறவள், உள்ளங்கையில் சாக்குத்துணி சுற்றிக்கொண்டு உடைக்கிறாள், உடைக்கிறாள், நான்கு நிமிடம், வெட்டே இல்லை, ஒரு நிமிடம் போதும் என்கிறேன், ரசிகன் எழுந்து போய்விடுவான் என்கிறேன், அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், போவட்டும்ணே, அவ கை வலிக்கது நமக்கு வலிக்காண்டாமா, என்கிறாள், எனக்குச் சுருக்கென்றது, இருபத்தேழு படம் வெட்டியவனுக்கு முதல் படக்காரி பாடம் எடுக்கிறாளா, மறுவாரம் வேறு வேலை வந்துவிட்டது என்று மரியாதையாகக் கழன்றுகொண்டேன், அவளே ராப்பகலாக உட்கார்ந்து வெட்டி முடித்தாள் என்று கேள்விப்பட்டேன், அந்த நான்கு நிமிடத்தைத் தொடவே இல்லை. ஆறு வருடம் கழித்து அந்த விழாவில்தான் முழுப் படத்தையும் பார்த்தேன், இருட்டில், அந்த இடம் வந்தபோது யாராவது எழுந்து போகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் போகவில்லை, பக்கத்தில் பிரேசில்காரி மார்த்தா தன் உள்ளங்கையைத் தானே அழுத்திக்கொண்டிருந்தாள். படம் முடிந்து மேடையேறிய பிலோமினா தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் பேசினாள், இதில் வருகிற நாற்பது பெண்களும் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரில் காட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார்கள், எங்கள் ஊர் தியேட்டரில் டிக்கெட் எடுத்துத்தான் பார்ப்போம் என்கிறார்கள், நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாள், அரங்கம் சிரித்தது, நான் சிரிக்கவில்லை, எந்த விநியோகஸ்தரும் அந்தப் படத்தை எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், சிறந்த படமாகத் தேர்வாகிறதை விழாக்காரர்களே பத்து ஊர்களில் ஒரு வாரம் ஓட்டுவார்கள் என்பதும் தெரியும், அந்தப் பத்தில் தூத்துக்குடி இருந்ததும்.

இவ்வளவும் தெரிந்துதான் கை தூக்கினேன். அதே நாள் பிற்பகல், அதே ஏழாவது மாடி அறை, கடல் வெளுத்துக் கிடக்கிறது, கடைசியாகச் சிறந்த படம், யாருக்கும் எதிலும் மனம் ஒட்டவில்லை, மார்த்தா தன் நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளுகிறாள், முதல் இடத்தில் பிலோமினாவின் படம், ஏன் அவசரப்பட்டீர்கள் என்று கேட்கிறாள், கோபமில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்கிறாள், இன்னொருவர் தன் தாளைக் காட்டுகிறார், அவரும் அதையே எழுதியிருக்கிறார், அந்த நான்கு நிமிடத்துக்காகவே எழுதினேன் என்கிறார், லாஸ்லோ கோப்பையைக் கீழே வைக்கிறார், முன்மொழிந்தவர் திரும்பப் பெற்றால் அந்தத் தாளைக் கிழித்துவிடலாம், உங்கள் விருப்பம் என்கிறார், நால்வரும் என்னையே பார்க்கிறார்கள். ஒரு வார்த்தை போதும், சரி என்று ஒரு வார்த்தை, அது நாக்கு வரை வந்தது, கூடவே அந்த வடபழனி அறையும் வந்தது, வலிக்காண்டாமா என்ற குரலும், நான் தோற்றுப்போனேன் என்று நானே கையெழுத்துப் போட வேண்டுமா என்ற எண்ணமும், இருக்கட்டும், எழுதினது எழுதினதாகவே இருக்கட்டும் என்றேன், நேர்மையான ஆள் என்பதுபோல லாஸ்லோ தலையை அசைத்தார், பனிமலைப் படம் ஒன்று ஜெயித்தது, யாருக்கும் அதன்மேல் பெரிய ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை.

விழா முடிந்து நான்கு வருடமாகிறது, படம் எங்கும் வரவில்லை, பிலோமினா இப்போது கல்யாண வீடியோ எடுக்கிறாள் என்றார்கள், கனவில் அவள் ஏறுகிறாள், சில நாள் படிகள் பனிக்கட்டியாக இருக்கின்றன, நான் கீழே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன், விழித்த பிறகுதான், அன்றைக்கு நடந்தபடியே, அவள் இறங்குகிறாள், இறங்கிவிட்டாள், பாராட்டுப் பத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போகாமல் நேரே என்னிடம் வருகிறாள், என் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள், அண்ணே, அன்னைக்கு நீங்க கோவத்துல போயிட்டீயன்னு இத்தன வருசமும் நெனச்சிட்டிருந்தேன், உள்ள நீங்க பேசலன்னா இதுகூட கெடச்சிருக்காதுல்லா, என்கிறாள், அப்போதாவது சொல்லியிருக்கலாம், அந்தக் கையை உதறிவிட்டுச் சொல்லியிருக்கலாம், நான் என்ன சொன்னேன் என்றால், கொஞ்சம் போராட வேண்டியிருந்துதும்மா, என்றேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, அவசர அவசரமாகப் போனைத் தட்டி, ஏ செல்வமேரி, நமக்காண்டி சண்ட போட்ட அண்ணன் இவியதான், பேசு, என்று கிசுகிசுத்து என் காதில் வைக்கிறாள், பின்னால் ஐஸ் அரைக்கிற இயந்திரத்தின் இரைச்சல், அதை மீறிக் கத்துகிறது செல்வமேரியின் குரல், நல்லா இருப்பியண்ணே, படம் எப்பண்ணே நம்ம தியேட்டருக்கு வரும், சீக்கிரம் வரும்மா என்றேன். மேடையில் சிறந்த படத்தின் பெயரை வாசித்தார்கள், எனக்குக் கை எழவில்லை, போனை வாங்கிக்கொண்ட பிலோமினா பத்திரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றாள், அந்தப் பனிமலைப் படத்துக்காக மனதாரக் கை தட்ட ஆரம்பித்தாள்.