பூஜ்யம் வாங்கிய ஊர்

வந்திருந்தவர்கள்: ஊராட்சித் தலைவர் ஜெகதீஸ்வரன், சுகாதாரச் செவிலியர் வெண்ணிலா, போன ஆடியில் மனைவியைப் பறிகொடுத்த சுப்பையன், அர்த்தநாரி, அவர் மனைவி சென்னியம்மாள். இவர்கள் போக ஆண்கள் பத்தொன்பது, பெண்கள் நாலு. பேச்சு பெண்களுக்கு வரும் புற்றுநோயைப் பற்றி என்பதால் ஆண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆலாங்காட்டூரின் சமுதாயக் கூடம் அது. வெண்ணிலா சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டினாள். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களில் எந்த ஊரில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் என்று நிறம் தீட்டிய படம். ஆற்றோரத்து ஓடைப்புதூர் ரத்தச் சிவப்பு. ஆலாங்காட்டூர் பச்சைப் பசேல். எண்ணிக்கை, பூஜ்யம்.

கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது.

“நம்மூருப் பொம்பளைங்க உடம்பே தனிங்க,” என்றார் ஜெகதீஸ்வரன். “கம்மங்கூழு, கெணத்துத் தண்ணி, காட்டு வேல. நோவு எங்கிருந்து வரும்?” அவர் வீட்டில் கம்பைக் கண்ணால் பார்த்தே பல வருடம் ஆகிறது. குடிப்பது கேன் தண்ணீர். “இந்தப் படத்தைப் பெருசா அடிச்சு ஊரெல்லையில வெக்கோணும். பொண்ணு குடுக்கறவங்க பாக்கட்டும்.”

முப்பது தாண்டியும் பெண் அமையாத மாப்பிள்ளைகள் ஊரில் இருபத்தாறு பேர். அதற்கு யாரும் நிறம் தீட்டவில்லை.

பின்வரிசையில் இருந்த சென்னியம்மாளுக்கு ஐம்பத்தேழு வயது. இடது மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று சேலத்து ஆஸ்பத்திரியில் நேற்றுச் சொன்னார்கள். திங்கட்கிழமையே வந்து படுக்கச் சொன்னார்கள். அர்த்தநாரி வேறு தேதி குறித்திருந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போயிருக்கும் மகன் கவினுக்கு முப்பத்துநாலு வயது. புதன்கிழமை ராசிபுரத்திலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். அதற்குள் சென்னியம்மாள் தான் பிறந்த ஊரான ஓடைப்புதூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட வேண்டும். கல்யாணம் முடியட்டும், பிறகு வைத்தியம்.

அது ஊர் வழக்கம். தலைப்பிரசவத்துக்கு அனுப்புகிற மாதிரியே இந்த நோய்க்கும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதில் போனவள் பிள்ளையோடு இரண்டு பேராகத் திரும்புவாள். இதில் போனவள் திரும்புவதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் அண்ணன் தம்பி விலாசம் ஏறும். அந்த ஊர் சிவக்கும், இந்த ஊர் பச்சையாகவே இருக்கும்.

“விட்டுப்போனவங்க யாராச்சும் இருக்காங்களா?” என்றாள் வெண்ணிலா. “பேரு இருந்தாத்தான் திங்கக்கெழம ஆஸ்பத்திரி வண்டி வாசலுக்கு வரும். இல்லீன்னா இந்தக் கணக்குல தலைவர் கையெழுத்துப் போட்டுடலாம்.”

“எங்க ஊட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லீங்க,” என்று முந்திக்கொண்டார் சுப்பையன். அது உண்மைதான். வீட்டில் இப்போது அவர் மட்டும்தான் இருக்கிறார்.

சென்னியம்மாள் எழுந்தாள்.

“எம்பேர எழுதிக்க கண்ணு. இடது மாருல. நேத்துச் சொல்லிப்போட்டாங்க.”

அர்த்தநாரி நாற்காலியோடு திரும்பினார். “இவ ஓடைப்புதூர்க்காரிங்க! அந்த ஊருக் கணக்குல போகோணும்.”

“ஏனுங்க, முப்பத்தாறு வருசமா இந்த ஊருத் தண்ணியத்தான குடிக்கறேன்? இந்தக் கட்டி என்ன, சீர்த்தட்டுல வெச்சுக் கொண்டாந்ததுங்களா?”

பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்படியே ராமாயியையும் எழுது சாமி. சுப்பையண்ணன் சம்சாரம். அவளாட்டம் இன்னும் மூணு பேரு போயிருக்கறாங்க. பேரு சொல்றேன்.”

“செத்தவள எதுக்கு இழுக்கறே?” என்றார் சுப்பையன்.

“உசுரோட இருந்தப்ப நீங்க எழுதலீங்களேண்ணா.”

ஜெகதீஸ்வரன் சமாதானத்துக்கு இறங்கினார். “செரி அண்ணி, கோவப்படாதீங்க. ஒண்ணு போட்டுக்கலாம். பூஜ்யம்னா ஆபீசரு நம்பமாட்டாரு. ஒண்ணுன்னா நாயமா இருக்கும்.”

“இது ஏலம் இல்லீங்க,” என்று வெண்ணிலா ஐந்து பெயர்களையும் எழுதினாள். தலைவர் கையெழுத்தைப் போட்டார். பேனாவை மூடும்போது ஓடைப்புதூர்த் தண்ணீரைத் திட்டினார்.

அர்த்தநாரி முன்னால் நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். சென்னியம்மாள் போய்ச் சேர்வதற்குள் நாலு சேலைகளைக் கட்டைப்பையில் திணித்து வைத்திருந்தார்.

“வண்டில ஏறு. உந்தம்பி ஊட்டுல உட்டுட்டு வாரேன்.”

“திங்கக்கெழம ஆஸ்பத்திரி வண்டி இங்கதான் வருது.”

“பொதங்கெழம ராசிபுரத்துக்காரங்க வந்து கேட்டா என்னன்னு சொல்றது?”

“இருக்கறதச் சொல்லுங்க. ‘நாளைக்கி எங்க பொண்ணுக்கு இந்த நோவு வந்தா அவள எங்க அனுப்புவீங்க’ன்னும் கேப்பாங்க. அதுக்கும் ஒரு பதில ரோசன பண்ணி வெச்சுக்கோங்க.”

அவர் பையைத்தான் எடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கி, மொபெட்டின் முன்னால் வைத்து, சரிந்துவிடாமல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். முடிச்சுப் போட்டு நிமிர்ந்தபோது அவருக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு உள்ளே சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.