நாலு மீட்டர் முப்பது

பேலட் என்ற மரத்தட்டைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் கண்ணுக்கு உலகம் முழுக்க அட்டைப்பெட்டியாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியா, அடுக்கு, ஃபோர்க்லிஃப்டின் இரண்டு நாக்கையும் அடியில் விடு, தூக்கு, ரேக்கில் செருகு, ஆளை விடு. சரி, ஆறு மீட்டர் குழாயை என்ன செய்வதாம்? ஆளுயரக் கண்ணாடியை? உருண்டு ஓடுவதற்கென்றே பிறந்த கேபிள் உருளையை? அதையெல்லாம் அந்த மகானுபாவர் யோசிக்கவே இல்லை. அவர் யோசிக்காமல் விட்டதெல்லாம் அந்தக் கிடங்கில் ஏழாம் வரிசைக்கு வந்து சேர்ந்தது. ஏழாம் வரிசை நீளத்தாருடையது.

நீளத்தார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. வாசலுக்கு எந்தச் சாமான் வந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, ‘நீளம் எவ்வளவு?’ லாரிக்காரர் வணக்கம் சொன்னாலும் பதிலுக்கு அதுதான் வரும். மகன் பிறந்திருக்கிறான் என்று ஃபோர்க்லிஃப்ட்காரர் சந்தோஷமாகச் சொன்னபோது நீளத்தார் நீளம் கேட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. பொய்தான். ஆனால் கேட்டவர்களில் ஒருவர்கூட அதைச் சந்தேகப்படவில்லை. புதிதாக வந்த மேலாளரம்மா அதையே நிஜப்பெயர் என்று நினைத்து, முதல் வாரம் மின்னஞ்சலில் ‘மதிப்பிற்குரிய நீளத்தார்’ என்று எழுதிவிட்டார்.

வேலையில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடியைப் படுக்க வைக்க விடமாட்டார். கூடாரம் போலச் சாய்ந்த சட்டத்தில் நிற்க வைப்பார், நடுவில் ஃபெல்ட் துணி. கம்பளச் சுருளுக்கு வயிற்றில் தடியைச் செருகித் தொங்கவிடுவார். உருளைக்கு இரண்டு பக்கமும் ஆப்பு. குழாயும் பலகையும் சுவரோரத்துக் கை ரேக்கில் போகும். அந்த ரேக்குக்கு முன்பக்கம் தூணே கிடையாது. பின்னால் நிற்கும் தூண்களிலிருந்து இரும்புக் கைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். நீளமான எதையும் மூன்று கையாவது தாங்க வேண்டும், இரண்டு கையில் போட்டால் நடுவயிறு தொங்கிவிடும் என்பது அவர் சட்டம். ஊரில் யாருக்கும் அடங்காத சாமானுக்கெல்லாம் இடம் கண்டுபிடித்த மனுஷர் அவர்.

அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டில் ஒரே ஒரு கம்புக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

மகளின் கம்பு அது. ஓடிவந்து ஊன்றி, உடம்பை மேலே எறிந்து, உயரத்தில் கட்டிய குறுக்குச் சட்டத்தைத் தாண்டுவார்களே, அந்த ஆட்டத்துக்கான கம்பு. வீடோ மூன்றாம் மாடியில் இரண்டு அறை. கம்பு சமையலறை அலமாரியில் ஆரம்பித்து, கூடத்தைக் கடந்து, ஜன்னல் வழியாக ஒரு முழம் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அம்மாக்காரி அதில் துண்டு காயப்போடுவாள். வெளியே நீட்டிய நுனியில் காக்கா உட்காரும். வேலை முடிந்து களைத்து வரும் நீளத்தார் தினமும் அதில் நெற்றியை இடித்துக்கொள்வார். ஒருநாள் இடித்த இடத்திலேயே இடித்ததும், எரிச்சலில், “இந்த வீட்டுல இதுக்கு இடமில்ல, சொல்லிட்டேன்!” என்று கத்திவிட்டார். கம்பைத்தான் சொன்னார், சத்தியமாகக் கம்பைத்தான். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அது அப்படிக் கேட்கவில்லை. அந்த மாதமே பயிற்சிக்கூடம் ஒன்றில் சேர்ந்து, வேறு ஊருக்குப் போய்விட்டாள். கம்பும் அவளோடு போய்விட்டது.

போனது போகட்டும், அதற்கப்புறம் நடந்ததுதான் அவருக்கு ஆறவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு பிற்பகல், லாரி இறக்கிக்கொண்டிருக்கும்போது அவருக்கு அவளிடமிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு இல்லை, அவருக்கு. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டார், கையில் அளவு நாடா.

“அப்பா, நான் வீட்டுக்கே வந்துரலாம்னு பாக்குறேன். கம்ப முன்னாடி லாரியில அனுப்பட்டுமா?”

வா என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒரே எழுத்து. அந்த ஓரெழுத்தைச் சொல்ல நீளத்தாருக்கு வாய் வரவில்லை. இருபது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

“நீளம் எவ்வளவு?” என்றார்.

“நாலு மீட்டர் முப்பது,” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவருக்கு உறைக்கவே இல்லை. மகள் வரப்போகிற சந்தோஷத்தில், அன்று மாலையே கை ரேக்கின் மூன்றாம் தட்டில் நல்ல இடமாகப் பார்த்து ஒதுக்கினார். ஒதுக்கிய இடம் கணினியில் காலி என்று காட்டினால் யாராவது எதையாவது கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். அதனால் வராத சாமானை வந்ததாகவே பதிந்தார்: கம்பு, ஒன்று, 430 செ.மீ., உடையவர் வந்து எடுத்துக்கொள்வார். கீழே மகளின் போன் எண். கம்பு அந்த வாரம் வரவில்லை, அந்த மாதமும் வரவில்லை. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோதுதான், அவள் கேட்டது என்ன, தான் சொன்னது என்ன என்று பொட்டில் அடித்தாற்போல் புரிந்தது. கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். மனைவியிடம் என்னவென்று சொல்வது? அவளோ, பெண் மனசு மாறிவிட்டாள் என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது. மகள் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவோடு பேசுவாள். நீளத்தார் பக்கத்து அறையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல், மனைவியின் ‘ம்’களை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். நீண்ட ‘ம்’ என்றால் சமாச்சாரம் பெரிது. தானே கூப்பிட்டுப் பேசியிருக்கலாமே என்றால், பேசியிருக்கலாம்தான். ஆனால் கூப்பிட்டு, அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? இடம் காலியாக இருக்கிற வரைக்கும் அவள் வந்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். மனுஷர் அதைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டினார். வருடா வருடம் இருப்புக் கணக்கெடுப்பில், ஏழாம் வரிசையை அவர்தான் வாசிப்பார். மூன்றாம் தட்டு வந்ததும், ‘கம்பு ஒன்று’ என்று குரல் பிசகாமல் சொல்வார். ஃபோர்க்லிஃப்ட்காரர் தலையைத் தூக்கிப் பார்க்காமலே டிக் போடுவார். தூக்கினால் ரேக்கின் வெறும் இரும்புக் கைகள்தான் தெரியும் என்று அவருக்குத் தெரியும். நல்ல மனுஷர், ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்த வருடம் மேலாளரம்மாவே ஸ்கேனரும் கையுமாக ஏணியில் ஏறிவிட்டார்.

மேலிருந்து சத்தம் வந்தது. இங்கே கம்பு ஒன்று இருப்பதாகக் காட்டுகிறதே, எங்கே சார் என்று கேட்டார். நீளத்தார் ஏணியைப் பிடித்துக்கொண்டார். இறங்கி வந்த மேலாளரம்மா கோபப்படவும் இல்லை, கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. மூன்று மணிக்குக் குழாய் லாரி வருகிறது, இருக்கிற காலியிடம் இது ஒன்றுதான், பதிவை நீக்க வேண்டும், ஆனால் சாமான் காணோமென்றால் உடையவருக்குத் தகவல் சொல்லாமல் நீக்கக் கூடாது என்று விதி இருக்கிறது என்றார். சொல்லிக்கொண்டே பதிவிலிருந்த எண்ணைத் தன் போனில் அழுத்த ஆரம்பித்தார்.

யாரோ ஒரு அம்மா கூப்பிட்டு, உங்கள் கம்பு தொலைந்துவிட்டது என்று மகளிடம் சொல்வதா?

“வேணாம் மேடம். அது என் பொண்ணு நம்பர். நானே பேசுறேன்.”

மேலாளரம்மா அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார். போனை அணைத்துவிட்டு, கண்ணாடிச் சட்டங்களை எண்ணப்போவதாகச் சொல்லி அந்தப் பக்கம் நகர்ந்தார்.

நீளத்தார் ரேக்கின் வெறும் கைகளுக்குக் கீழே நின்றுகொண்டு எண்ணை அழுத்தினார். அந்த எண் அவருக்கு மனப்பாடம். நாலாவது மணியில் எடுத்தாள்.

“நான்தாம்மா. அப்பா.”

“அம்மாவுக்கு என்ன?”

அவர் கூப்பிட்டால் கெட்ட செய்தியாகத்தான் இருக்கும் என்று பிள்ளை நினைக்கும்படி வைத்திருக்கிறாரே, அந்த வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அம்மா நன்றாக இருக்கிறாள் என்றார். அப்புறம், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், தெரிந்த இடத்தில் ஆரம்பித்தார். ஏழாம் வரிசை, மூன்றாம் தட்டு, வராத சாமானை வந்ததாகப் பதிந்தது, வருடா வருடம் பொய் வாசித்தது, மூன்று மணி லாரி, எல்லாவற்றையும் சரக்குச் சீட்டு வாசிக்கிற மாதிரி ஒப்பித்தார். அந்தப் பக்கம் பிள்ளைகள் மைதானத்தில் கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

“ஆறு வருஷமா அங்க என்னப்பா வச்சிருந்தீங்க?”

“ஒண்ணும் வைக்கல. உனக்குன்னு விட்டிருந்தேன்.”

அந்தக் கம்பு உடைந்து நாலு வருடம் ஆகிறது என்றாள்.

எத்தனை துண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாக்கையே கடித்துக்கொண்டார்.

“கம்பு கெடக்குது விடு. அன்னிக்கு நீ கேட்டப்ப வான்னு சொல்லியிருக்கணும். சொல்லத் தெரியல எனக்கு. இப்ப சொல்றேன். வாம்மா.”

மைதானத்தில் விசில் ஊதியது. யாரோ டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்று அவர்களுக்குச் சொன்னாள். அவள் வைத்துவிடப் போகிறாள் என்று நீளத்தார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“லீவு விட்டதும் வர்றேம்பா.”

எத்தனை நாள் லீவு என்று கேட்க வாய் துடித்தது. நாளாக இருந்தால் என்ன, அதுவும் நீளம்தானே. கேள்வியை அப்படியே விழுங்கினார்.

“சரிம்மா,” என்றார். “வா.”

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் கை ரேக்கின் தூணைப் பிடித்தபடி நின்றார். வாசலில் லாரி பின்னுக்கு வரும் சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலாளரம்மாவிடம் போய், அந்தப் பதிவை எடுத்துவிடலாம், உடையவரிடம் பேசியாகிவிட்டது என்றார். பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு லாரிக்காரரிடம் நடந்து, குழாய் எவ்வளவு நீளம் என்று கேட்டார்.