பொதுச்சுவர்

"சுவரும் மூச்சு விடணும் சார்" என்று போகிற வீட்டில் எல்லாம் சொல்வாள் சுண்ணாம்பக்கா. வாடிக்கையாளரை வளைத்துப்போட அவள் வைத்திருந்த வாய்ப்பாடு அது. டப்பா பெயிண்டின் நெடி ஒத்துக்கொள்ளாத குடும்பங்கள்தான் அவளைத் தேடி வரும். நீர்த்த சுண்ணாம்பு, மண்நிறப் பொடி, அவ்வளவுதான் அவள் சரக்கு. வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

இந்த வீட்டில் எட்டு வயதுப் பெண்ணுக்கு ஓயாத இழுப்பு. குருவி என்று கூப்பிடுவார்கள். அவள் கட்டிலை ஒட்டிய சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொதுச்சுவர். அதிலிருந்த ஆறு அடுக்குப் பழைய பெயிண்டைச் சுரண்டி எடுப்பதற்குள் அக்காவுக்கு மூன்று நாள் போயிற்று, முழங்கை கழன்றது.

சுண்ணாம்பு பூசுமுன் சுவரை நனைக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீர் போதும். இந்தச் சுவர் பட்டப்பகலில் மூன்று வாளியைக் குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல உலர்ந்து நின்றது. தரைக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. மெல்லக் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே யாரோ இழுத்து இழுத்து மூச்சு விட்டார்கள்.

கட்டிலில் படம் வரைந்துகொண்டிருந்த குருவி தலையைக்கூடத் தூக்கவில்லை. "பயப்படாதீங்க அத்தை. நான் விடுறப்பதான் அதுவும் விடும்."

"எப்போலேருந்து?"

"நீங்க சுரண்டினதுலேருந்து. எனக்கு இப்போ இழுப்பே இல்ல."

நல்லது நடக்கிற இடத்தில் நோண்டுவானேன் என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வேலையை முடித்தாள். அவள் வாயைப் பொத்தியது அதுவே முதல் தடவை.

பத்து நாள் கழித்து ஒரு காலை, குருவியின் அப்பா போன் செய்தார். "அம்மா, வேலை பிரமாதம். ஆனா சாஞ்சா சட்டையில வெள்ளையா ஒட்டுது. அதான் நேத்து நானே பளபளப்புப் பூச்சு ஒண்ணு வாங்கி மேல அடிச்சிட்டேன். அதுவும் நெடி இல்லாததுதான்."

"குருவி எப்படி இருக்கா சார்?"

"விடிஞ்சதிலேருந்து இழுக்குது. மருந்து கேக்கல. ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்கோம்."

அக்கா ஓடினாள்.

சுவர் கண்ணாடியாக மின்னியது. குருவி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அக்கா பையிலிருந்து சுரண்டியை எடுத்துச் சுவரில் பாய்ந்தாள்.

"என்னம்மா பண்றீங்க?" அப்பா அவள் கையைப் பிடித்தார்.

அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் காரை தெரிந்தது. அக்காவின் நெற்றி முடி பறந்துபோய் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. சுவர் காற்றை உள்ளே இழுத்தது. அதே நொடி குருவி நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினாள். அப்பா பிடியை விட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடி, கைக்குக் கிடைத்த கத்தியோடு வந்து அவரும் சுரண்டத் தொடங்கினார்.

பாதிச் சுவர் திறந்ததும் குருவியின் உதட்டில் நிறம் வந்தது. சுவர் மூச்சு விடும் என்று இத்தனை வருஷம் நம்பாமலேயே அளந்து திரிந்தோமே என்று அக்கா தன்னையே நொந்துகொண்டாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஈரமாக ஒரு சத்தம் கேட்டது. மேலே போயிற்று, கீழே வந்தது. தூக்கத்தில் கேட்டாலும் அக்காவுக்குத் தெரியும், பெயிண்ட் ரோலர்.

அப்பாவின் முகம் வெளிறியது. "பக்கத்து வீட்டுக்காரர் மிச்சப் பெயிண்டைக் கேட்டார். நான்தான் குடுத்தேன்."

இந்தப் பக்கம் இழுத்த காற்றை அந்தப் பக்கம் விட வழியில்லாமல் சுவர் திணற, கட்டிலில் குருவி மறுபடி குனிந்தாள்.

அக்கா சுரண்டியோடு பாய்ந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கதவை இடித்தாள். வெகுநேரம் இடித்த பிறகுதான் கதவு திறந்தது. ரோலரும் கையுமாகப் பெரியவர் சிரித்தார்.

"வாங்கம்மா. ஒரு இடம் விடாம அடிச்சு முடிச்சிட்டேன். ரெண்டு வாரமா இந்தச் சுவருக்குள்ள யாரோ மூச்சு விடுற மாதிரி ஒரே தொல்லை. இப்பதான் நின்னுச்சு."