பத்தேகால் மணிச் சூடு

சாக்லேட் பட்டறையில் அவளை 'ஐஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாம் அந்தக் கையால் வந்த பெயர். சாக்லேட்டில் ரோஜா பிடிப்பவர்களுக்குக் கை குளிர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இதழ் விரலிலேயே கூழாகிவிடும். இருபது வருடமாக அவள் கையில் ஓர் இதழ்கூட உருகியதில்லை.

ஐம்பதில் உருக ஆரம்பித்தது. மாதவிலக்கு நிற்கும் வயது. திடீரென்று கழுத்தில் ஒரு சூடு கிளம்பி உச்சந்தலைவரை ஏறும். முகம் சிவக்கும், வியர்வை கொட்டும், ரோஜா போயே போச்சு. முதலாளியம்மாவுக்குத் தெரிந்தால் பெட்டி கட்டும் மேஜைக்குத் தள்ளிவிடுவார் என்று ஐஸுக்கு ஒரே பயம். அங்கே பெட்டிக்காரி நாள் முழுக்க அட்டை மூடியால் விசிறிக்கொண்டே நாடா கட்டுவாள். கேவலமான வேலை இல்லைதான். ஆனால் ரோஜா பிடித்த கைக்கு அது சிறை. அதனால் உருகிய இதழ்களை யாரும் பார்க்குமுன் வாயில் போட்டுக்கொண்டாள்.

பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆலோசனைக்கா பஞ்சம்? அக்கா ஆளிவிதைப் பொடி அனுப்பினாள். நாத்தனார் சோயா பாலே கதி என்றாள். கணவர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து, பத்து எண்ணுவதற்குள் குறட்டை விட்டார். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்து பார்த்ததில் வயிறு கடமுடா என்றதுதான் மிச்சம்.

அக்காதான் போனில் கேட்டாள்: "ஏண்டி, எப்பப்ப வருதுன்னு எழுதி வெச்சியா?"

"எழுதினா குறையுமா?"

"எதனால வருதுன்னாவது தெரியும்ல?"

எழுதினாள். திங்கள், பத்தேகால். செவ்வாய், பத்தேகால். வேலை நாள் அத்தனையிலும் பத்தேகால். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே இல்லை. ஐஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். தினமும் பத்து மணிக்கு, அன்று காய்ச்சிய சாக்லேட்டைக் கொதிக்கக் கொதிக்க ஒரு கோப்பை குடித்து ருசி சொல்வது அவள் வேலை! திருடனை வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டு வாசலைப் பூட்டியிருக்கிறாள்.

கோப்பையை நிறுத்த வேண்டுமென்றால் முதலாளியம்மாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு இருநூறு ரோஜா கொடுக்க வேண்டியிருந்தது. வருவது வரட்டும் என்று போய், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

முதலாளியம்மா கணக்கு நோட்டை மூடினார். "வா என்கூட" என்று எழுந்து, குளிர் அறையின் கதவைத் திறந்தார். வெண்ணெய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு கைவிசிறி.

"தினம் மூணு தடவ சரக்கு எண்ணப் போறேன்னு வர்றேன்ல? இங்க எண்ணுறதுக்கு என்ன இருக்கு, நாலு பெட்டி வெண்ணெய்!"

"எத்தன நாளாம்மா?"

"மூணு வருஷமா. யார்கிட்டயும் சொல்ல வாய் வரல." ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். "இனிமே ஆற வெச்சு ஒரு கரண்டி பாத்தாப் போதும். ரோஜாவுக்கு உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

ஐஸுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் இருநூறு ரோஜாவும் முடிந்தன. அதற்கப்புறம் ஒரு சூடு வரத்தான் செய்தது, முன்போல மூர்க்கமாக இல்லை. குளிர் அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது கதவு தட்டப்பட்டது. பெட்டிக்காரி, கையில் அட்டை மூடியோடு, முகமெல்லாம் சிவந்து நின்றாள்.

"நானும் கொஞ்சம் சரக்கு எண்ணலாமாம்மா?"