தொட்டிக்குள் இருந்தது

தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஆஸ்பத்திரி லேபின் கிருமி டாக்டருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். கண்ணாடித் தட்டு முழுக்கப் பசை போலப் படர்ந்திருந்த பாக்டீரியாவில், அவள் சொட்டு விட்ட இடங்களில் மட்டும் வட்ட வட்டமாகத் தெளிந்திருந்தது. அங்கே கிருமி ஒன்றுகூட மிச்சமில்லை. ஆற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர், ஊர்ச் சாக்கடை என்று எத்தனையோ அள்ளி வந்து வடிகட்டிச் சொட்டு விட்டும் அசையாத கிருமி அது. எந்த மாத்திரைக்கும் ஊசிக்கும் மசியாமல் அவளுடைய அண்ணன் காலில் குடியிருந்தது. அதைக் கொல்லும் வைரஸ் கடைசியில் கிடைத்துவிட்டது. கிடைத்த இடம்தான் வயிற்றை எரித்தது. அதே ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்த தியேட்டரின் வாசலில், டாக்டர்கள் கை கழுவும் தொட்டியின் அடிக்குழாயிலிருந்து அவளே எடுத்து வந்த தண்ணீர் அது.

இந்த வைரஸ் மனிதர்களை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவுக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் படு பிடிவாதம். தனக்குப் பழகிய கிருமியைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காது. அதனால் இரை எங்கே கொழித்துக் கிடக்கிறதோ அங்கேதான் அதையும் தேட வேண்டும். சந்தேகம் வேண்டாமென்று அதே குழாயின் வழவழப்பைச் சுரண்டிக் கிருமியையும் வளர்த்துப் பார்த்தாள். அண்ணன் காலில் இருந்ததேதான். அந்தத் தொட்டியில் தண்ணீர் இறங்காமல் தேங்குகிறது, அடைப்பை எடுங்கள் என்று அண்ணனுக்குக் கால் முறிவதற்கு வெகு முன்பே அவள் சொல்லியிருந்தாள். பார்க்கலாம் மேடம் என்றார்கள். பார்த்த லட்சணம் இது.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். வாய் ஓயாமல் "கிளட்ச், கிளட்ச்" என்று கத்துவதால் அவரிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் அவர் கிளட்ச் மாஸ்டர். ரிவர்ஸ் பழகிய ஒருவர் பின்னால் நின்ற மாஸ்டரையே இடித்துத் தள்ளியதில் வலது கால் எலும்பு முறிந்தது. "நான் சொல்லிக்குடுத்த மாதிரியே கண்ணாடி பாக்காமத்தான் வந்தான்" என்று ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே சிரித்தார். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றவரை, நம்ம இடம் இருக்கும்போது எதுக்கண்ணே என்று இழுத்து வந்தவள் இவள். உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். தையல் போட்ட இடம் மூடவில்லை. பச்சையாகச் சீழ் வடிந்தது. இந்த வாரக் கடைசியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த எலும்பு டாக்டர் அண்ணியிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். உங்க வீட்டுக்காரர் ஊதின சிகரெட்டுதாம்மா காரணம், ரத்த ஓட்டமே இல்ல. அன்றிலிருந்து அண்ணி புருஷனைத் திட்டாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை. "பொண்டாட்டி சொன்னாக் கேட்டிருக்கலாம். இப்ப காலே போச்சு" என்பாள், பிறகு கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுவாள். அண்ணன் எதிர்த்துப் பேசுவதை விட்டுவிட்டார். ஊரையே கலாய்த்த மனிதர், தப்பு செய்த பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்துக் கிடந்தார். கிருமி டாக்டருக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு நேரே எலும்பு டாக்டரின் அறைக்குப் போனாள். அவர் வெகுநேரம் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. கைராசிக்காரர் என்று பெயர், அந்தப் பெயரைக் கண்ணாடிப் பாத்திரம் போலப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர். அறையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நல்ல வேலை பண்ணியிருக்கீங்க மேடம். இத மருந்தாக் குடுக்கணும்னா ஆஸ்பத்திரிக் கமிட்டி ஒத்துக்கணும். நான்தான் தலைவர், ஒத்துக்க வைக்கிறேன். எங்கேருந்து எடுத்தீங்கன்னு மட்டும் கேப்பாங்க. வெளில போற சாக்கடைன்னு சொல்லிடுங்க."

"தொட்டிலதான சார் எடுத்தேன்."

"எங்க எடுத்தா என்ன? மருந்து மருந்துதானே."

"எங்கண்ணனுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கு இதே கிருமிதான்னு ரிப்போர்ட் குடுத்தேன். ஒருத்தருக்குக் கை போச்சு. அவருக்குச் சர்க்கரைன்னு சொன்னீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அண்ணனுக்குக் கால் வேணுமா, வேணாமா?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்பது போலத்தான் கேட்டார். மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து அந்த வழுக்கைத் தலையில் போட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. போடவில்லை. மறுநாள் கமிட்டியின் முன் நின்று, சாக்கடை என்று சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் பாராட்டினார்கள்.

வைரஸைப் பெருக்கி, மறுபடி மறுபடி சுத்தம் செய்து, காயத்துக்குள் விட்டார்கள். சில நாளில் பச்சை நிறம் வெளுத்தது. நாற்றம் அடங்கியது. வெட்டுவதைத் தள்ளிப்போடலாம், மருந்தை மட்டும் நிறுத்தாமல் விட வேண்டும் என்றார் எலும்பு டாக்டர், தானே கண்டுபிடித்தவர் போல. தொட்டியை எப்போது சரிசெய்வீர்கள் என்று தாழ்வாரத்தில் அவரை மடக்கிக் கேட்டாள். "இப்பப் போய்க் குழாயப் பிரிச்சா ஏன் என்னன்னு நூறு கேள்வி வரும் மேடம். கொஞ்சம் ஆறட்டும்" என்று நடந்துகொண்டே சொன்னார்.

அன்று சாயங்காலம் அண்ணன் அவளைக் கிட்டே கூப்பிட்டார். வீட்டில் அவளுக்குக் கிருமி என்றே பெயர்.

"கிருமி, ஒண்ணு சொல்லணும். நான் சிகரெட்ட விட்டுட்டேன். கால் தங்குனாலும் சரி, போனாலும் சரி. நானே கெடுத்துக்கிட்டேன், அவ வாழ்க்கையும் சேத்துக் கெடுத்துட்டேன்."

திருடியவன் திண்டில் சாய்ந்திருக்க, பறிகொடுத்தவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"சிகரெட் இல்லண்ணே. நல்ல பழக்கம்னு சொல்ல வரல. ஆனா இது அதனால வந்ததில்ல. எங்க தொட்டிலேருந்து வந்தது. அவங்க கை கழுவுற தொட்டி." கமிட்டியில் சொன்ன பொய்யையும் சொன்னாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் ஏதாவது ஜோக் அடிப்பார் என்று கிருமி டாக்டர் எதிர்பார்த்தாள். அடிக்கவில்லை.

"இன்னும் அதுலதான் கழுவுறாங்களா?"

அவள் பார்வை பக்கத்துக் கட்டிலுக்குப் போனது. அங்கே, மணிக்கட்டு உடைந்த டைலர் பெண் ஒருத்தி ஒற்றைக் கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மறுநாள் காலையில் அதே தியேட்டரில் ஆபரேஷன், எலும்பில் பிளேட் வைக்கிறார்கள்.

"எனக்கு மருந்து இன்னும் எவ்ளோ பாக்கி?"

"பாதிக்கு மேல."

"அவருக்குக் கோவம் வந்து நிறுத்திட்டா?"

"நிறுத்தலாம்ணே. அவரால முடியும்."

"அந்தப் புள்ள பாவம்" என்று அண்ணி மெதுவாகச் சொன்னாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாரா என்று பார்த்தாள். இல்லை. போர்வைக்குள் வலது கால், கட்டிலின் அடிப்பலகையை மெல்ல அழுத்திக்கொண்டிருந்தது. கார் பழக்கும்போது எதிரே எதுவோ வருகிறதென்று தெரிந்தால், பக்கத்து சீட்டில் தனக்கென்று இருக்கும் பிரேக்கை அவர் மிதிப்பது அப்படித்தான்.

காலையில் அண்ணனின் மருந்தை ஐஸ் டப்பாவில் எடுத்துக்கொண்டு கிளம்பியவள், வார்டுக்குப் போகாமல் தியேட்டர் பக்கம் திரும்பினாள். டைலர் பெண்ணை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். எலும்பு டாக்டர் தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கிருமி டாக்டர் தொட்டியின் முன் போய் நின்று, முழங்கையால் தள்ளித் திறக்கும் குழாயை முழுக்கத் திறந்தாள்.

தண்ணீர் இறங்கவில்லை. தேங்கி ஏறியது. முதலில் சாம்பல் நிறம். பிறகு அடியிலிருந்து கறுப்புத் துணுக்குகள் சுழன்று மேலே வந்தன.

"என்ன பண்றீங்க மேடம்? மூடுங்க."

அவள் மூடவில்லை.

"மூடுங்கன்னு சொல்றேன். அண்ணனுக்கு இன்னும் மருந்து பாக்கி இருக்கு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். சாக்கடைலேருந்து எடுத்த மருந்து. கமிட்டில சொன்னேனே. யோசிச்சுப் பாத்தா நான் பொய்யே சொல்லல."

தொட்டி நிரம்பித் தண்ணீர் விளிம்பைத் தாண்டியது. அது அவள் செருப்பை நனைத்துக்கொண்டு தரையில் இறங்கி, வெளிச்செருப்போடு தாண்டக் கூடாதென்று போட்டிருந்த சிவப்புக் கோட்டைக் கடந்து, தியேட்டரின் கதவுக்கு அடியில் நுழைந்தது. உள்ளே ஒரு நர்ஸ் ஐயோ என்றாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் யார் சொல்வதற்கும் காத்திராமல் வண்டியைப் பின்னுக்கு இழுத்தார். டைலர் பெண் தலையைத் தூக்கி, என்னாச்சு, என்னாச்சு என்று கேட்டாள். எலும்பு டாக்டர் தண்ணீர் படாமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய்ச் சுவரில் ஒட்டி நின்றார். கிருமி டாக்டரின் வலது முழங்கை குழாயின் மேலேயே இருந்தது. இடது கையில், நெஞ்சோடு சேர்த்து, ஐஸ் டப்பா சில்லிட்டுக்கொண்டிருந்தது.