நூறு பிடித்த பள்ளிக்கூடம்

தலைமையாசிரியர் ஈஸ்வரனுக்கு அந்த வருடம் நூறு பிடித்துக்கொண்டது. பேய் பிடித்திருந்தாலாவது யாரையாவது கூப்பிட்டு வேப்பிலை அடித்திருக்கலாம். நூறு பிடித்த மனுஷனை என்ன செய்வது? காலையில் பைக்கை நிறுத்தும்போதே, "டீச்சர், நூறு வந்துருமா?" என்பார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி அதையே கேட்பார். பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூடத் தோற்கக் கூடாது, பள்ளி வாசலில் நூறு சதவீதம் என்று ஆளுயர எழுத்தில் ஃபிளெக்ஸ் கட்ட வேண்டும். வேறு ஆசையே அவருக்கு இல்லை.

நிலக்கோட்டை சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ளே நடந்தால் வருகிற பள்ளி அது. பிள்ளைகள் பாதிப்பேர் விடியுமுன் பூவெடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். முதல் பாடவேளையில் கண் சொருகும், தலை பெஞ்சில் முட்டும். அதுகளை வைத்துக்கொண்டு தொண்ணூற்றைத் தாண்டுவதே பெரிய காரியம். அதை யாரும் பாராட்டுவதில்லை. தலைமையாசிரியர்கள் கூடுகிற இடத்தில், பக்கத்து ஊர்ப் பள்ளிக்காரர் ஒருவர் எல்லோர் முன்னாலும், "உங்களுக்கு அது வராது சார், விடுங்க" என்று சிரித்துவிட்டாராம். அன்றைக்கு ஏறியதுதான் ஈஸ்வரனுக்கு.

கணக்கு டீச்சர் அறிவுச்செல்விக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றியிருந்தது. அதை மறைத்து ஈஸ்வரன் தலையில் மட்டும் பழியைப் போடுவது நியாயமில்லை. போன வருடம் ஒரு பையன் எல்லாப் பாடத்திலும் தேறி, கணக்கில் மட்டும் போய்விட்டான். ரிசல்ட் அன்று ஆசிரியர் அறையில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ குடித்தார்கள். திண்டுக்கல்லில் வீட்டுக்குப் போய் அவள் அன்று சோற்றைத் தொடவில்லை. அவமானம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

இந்த வருடக் கண்டம் சுகன்யா. நல்ல பிள்ளை, வாயாடி. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிப்பவள் அவள்தான். பத்திரிகைச் செய்தியோடு பள்ளிச் செய்தியையும் சேர்த்து, கடைசி வரிசையில் நிற்கிற ஆறாம் வகுப்புக்கும் கேட்கிற மாதிரி கணீரென்று வாசிப்பாள். "இந்த ஆண்டு நமது பள்ளி நூறு சதவீதத் தேர்ச்சியை நோக்கிச் செல்கிறது" என்று ஈஸ்வரன் எழுதிக் கொடுத்ததையும் அவளேதான் வாசித்தாள். தமிழ், சமூக அறிவியல் எல்லாம் தேறிவிடும். கணக்கு மட்டும் இழுபறி. மெல்லக் கற்போருக்கு வரைபடத்தையும் வடிவியலையும் போட்டுப் பழக்கினால் கரையேறிவிடலாம் என்பது எல்லாக் கணக்கு ஆசிரியர்களுக்கும் தெரியும். சுகன்யாவும் கோடு போடக் கற்றுக்கொண்டாள். ஆனால் ஒரு திருப்புதல் தேர்வில் பாஸ் ஆவாள், அடுத்ததில் ஃபெயில் ஆவாள். எந்த நாள் எந்தப் பக்கம் சாய்வாள் என்று அவளுக்கே தெரியாது.

"அறிவு டீச்சர், இந்தப் பொண்ணு எழுதுனாத்தான நமக்குப் பிரச்சினை," என்றார் ஈஸ்வரன் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு. "வராத பிள்ளைய யாரும் கணக்குல சேக்க மாட்டாங்க. எழுதுனவங்கள்ல எத்தன பேரு பாஸு, அம்புட்டுத்தான். ஜூன்ல துணைத்தேர்வுல தனியா எழுதிக்கிடட்டும். அதுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

"சார், அது பாஸாகவும் சான்ஸ் இருக்கு."

"ஆகாம இருக்கவும் இருக்குல்ல? போன வருஷம் மாதிரி."

போன வருஷம் என்ற சொல் போதுமானதாக இருந்தது. அறிவுச்செல்வி தலையை ஆட்டினாள்.

முத்துப்பேச்சியைப் பள்ளிக்கு வரச்சொன்னார்கள். சுகன்யாவின் அம்மா. புருஷன் இல்லை, அடுத்தவர் தோட்டத்தில் பூவெடுப்பவள். நகக்கண்ணில் மல்லிகைக் காம்பின் பச்சைக்கறையோடு வந்து, நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றாள். அறிவுச்செல்வி பக்குவமாகத்தான் சொன்னாள். இந்தத் தடவை வேண்டாம், கணக்கு அவளுக்கு ஏறவில்லை, எழுதித் தோற்றால் மனசு உடைந்துவிடும், ஜூனில் எழுதட்டும், அதுவரை வீட்டிலிருந்து நிதானமாகப் படிக்கட்டும் என்றாள். சொல்லும்போதே தான் சொல்வது நியாயம்தான் என்று அவளுக்கே பட ஆரம்பித்தது.

"அம்புட்டு மக்காவா டீச்சர் இருக்கா?" என்றாள் முத்துப்பேச்சி. "நான் என்னத்தக் கண்டேன். வீட்டுல எந்நேரமும் புஸ்தகமும் கையுமாத்தான் இருக்கா."

"படிக்கிறா. ஏற மாட்டேங்குதும்மா."

"நீங்க சொன்னாச் சரிங்க டீச்சர். நீங்க அவளுக்குக் கெடுதலாவா சொல்லப் போறீங்க?"

அந்த வார்த்தை அறிவுச்செல்விக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்து என்ன, சொன்னதை மாற்றிச் சொல்லவில்லையே.

ஹால் டிக்கெட் கொடுக்கிற நாள் அந்தப் பள்ளியில் ஒரு திருவிழா மாதிரி. சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஹால் டிக்கெட்டுகளையும் பேனாக்களையும் பரப்பி, சூடம் காட்டி, வகுப்பாசிரியர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு நெற்றியில் திருநீறு பூசிக் கொடுப்பார். பத்தாம் வகுப்பாசிரியரான அறிவுச்செல்வி மாதாகோயிலுக்குப் போகிறவள்தான். ஆனாலும் அவள் கையால் பூசினால் கணக்கில் தேறும் என்று பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை, அவளும் வருடாவருடம் பூசுவாள். சுகன்யாவிடம் அம்மா எல்லாம் சொல்லியிருந்தாள். அப்படியும் அவள் விழாவுக்கு வந்தாள், துவைத்து மடித்த சீருடையில், தலை நிறையப் பூவோடு. கடைசி நேரத்தில் டீச்சர் மனசு மாறிக் கூப்பிட்டுவிடுவார் என்று நினைத்திருப்பாள் போல. பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் பேர் வரவில்லை. எல்லோரும் வாங்கி முடித்ததும் எழுந்து போய், புளியோதரைத் தட்டுகளை எடுத்துக் கூட்டாளிகளுக்குப் பரிமாறினாள். அறிவுச்செல்வியின் கைப்பையில் சுகன்யாவின் ஹால் டிக்கெட் கிடந்தது.

தேர்வு திங்கட்கிழமை தொடங்குகிறது. சனிக்கிழமை காலை கடைசியாக ஒரு சிறப்பு வகுப்பு. பாடம் முடிந்து பிள்ளைகள் பையை எடுக்கும்போது அறிவுச்செல்வி சுகன்யாவின் பக்கத்து வீட்டுப் பெண்ணான ஜெஸ்ஸியிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

"சுகன்யா என்ன பண்றா? ஜூனுக்குப் படிக்கிறாளா?"

ஜெஸ்ஸி முழித்தாள். "அவ நூல் மில்லுக்கு வேலைக்குப் போயிட்டா டீச்சர். குஜிலியம்பாறைப் பக்கம். ஹால் டிக்கெட் குடுத்த மறுநாளே வேன் வந்துச்சு, ஏத்திவிட்டோம். அங்கனயே ஹாஸ்டல்ல தங்கிக்கிடணுமாம்."

"ஜூன்ல பரீட்சை இருக்கே?"

"படிப்பு ஏறாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களாம்ல. இனி எதுக்குச் சும்மா கெடக்கணும்னு அவங்கம்மா அனுப்பிட்டாங்க."

அறிவுச்செல்வி கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தாள். என்ன படிப்புப் படித்து என்ன. வீட்டிலிருந்து படிக்கட்டும் என்று சொன்னாளே, எந்த வீட்டில்? அவள் பெற்ற பிள்ளைகள் லீவு என்றால் டி.வி. முன்னால் படுத்துக்கிடப்பார்கள். பூவெடுக்கிற வீட்டில் பள்ளிக்கூடம் போகாத பெண்பிள்ளையைச் சும்மா வைத்துக்கொள்வார்களா? வேலைக்குப் பெண்பிள்ளைகளைத் தேடி மில் வேன் ஊர் ஊராகச் சுற்றுவது அவளுக்குத் தெரியாததா? இத்தனை வருடம் அந்த ஊரில் பாடம் நடத்தியும் இந்தச் சின்ன விஷயம் ஏன் தோன்றாமல் போனது? தோன்றவிடவில்லை, அதுதான் நிஜம்.

அப்படியே கிளம்பிவிட்டாள். திண்டுக்கல் போய், பஸ் மாறி, வெயில் கொளுத்துகிற வானம்பார்த்த காடுகள் வழியாக மில் வாசலில் இறங்கும்போது மதியம் தாண்டியிருந்தது. காவலாளியிடம் மன்றாடி உள்ளே போனால் ஹாஸ்டல் வார்டன் அம்மா அசையவில்லை.

"டீச்சரா இருந்தா என்னங்க. அம்மா கையெழுத்துப் போட்டு விட்ட புள்ள. அம்மா சொல்லாம வெளிய விட மாட்டோம்."

அது நியாயமான பேச்சு. அறிவுச்செல்வி முத்துப்பேச்சிக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"நீங்கதான டீச்சர் ஏறாதுன்னு சொன்னீங்க," என்றாள் முத்துப்பேச்சி. கோபமாகச் சொல்லவில்லை, விளங்காமல் கேட்டாள். "நான் ஒரு நா பூராம் அழுதுட்டுத்தான் அவள வேன்ல ஏத்துனேன். இப்ப நீங்களே வந்து பரீட்சைக்குக் கூப்பிடுறீங்க. நான் எந்த டீச்சர நம்புறது?"

"இப்ப பேசுற டீச்சர நம்புங்கம்மா," என்று சொல்ல வாயெடுத்தாள் அறிவுச்செல்வி. வெட்கமாக இருந்தது, விழுங்கிக்கொண்டாள்.

"அவகிட்டக் குடுங்க," என்றாள் முத்துப்பேச்சி. "அவ என்ன சொல்றாளோ அதான்."

சுகன்யாவைக் கூட்டிவந்தார்கள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. டீச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. யாரோ தன்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்ற சந்தோஷம், அவ்வளவுதான். போனில் அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் வரல டீச்சர். எனக்குத்தான் ஏறாதே. எழுதி எதுக்கு அசிங்கப்படணும்? இங்க ஒண்ணும் கஷ்டமில்ல. வேலை பழகிருச்சு."

"சுகன்யா, உனக்கு ஏறும்மா."

"நீங்க சும்மா சொல்றீங்க."

அவளை அசைக்க வேறு வழியில்லை என்று அறிவுச்செல்விக்குப் புரிந்தது. ஏறாது என்று சொன்னது டீச்சர் வாய். அந்த வாயே அது பொய் என்று சொன்னால்தான் உண்டு. வார்டன் அம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லை, பார்க்கட்டும்.

"அன்னைக்கு நான் உங்கம்மாகிட்டப் பொய் சொன்னேன். நீ தோத்துட்டா ஸ்கூலுக்கு நூறு வராது. எம் பேரு கெடும்னு பயந்தேன். அதுக்காகத்தான் உன்ன எழுத வேணாம்னேன். நீ மக்கு இல்ல. நான்தான் பயந்தாங்கொள்ளி."

சுகன்யாவின் முகத்தில் இருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போனதை அறிவுச்செல்வி கண்ணெதிரே பார்த்தாள். இத்தனை நாள் தனக்கு மூளையில்லை என்று நம்பி, அதை ஒருவழியாக ஏற்றுக்கொண்டுவிட்ட பிள்ளை. இப்போது அதைவிட மோசமான ஒன்றைக் கேட்டுவிட்டாள்.

"ஃபிளெக்ஸுக்காகவா டீச்சர்?"

"ஆமா."

"அப்ப எழுதுனா நான் பாஸாவேனா?"

ஆவாய் என்று சொல்லிவிடலாம். பத்துப் பிள்ளைகளிடம் பத்து வருடமாகச் சொல்லிப் பழகிய வார்த்தைதான் அது. ஆனால் இன்னொரு பொய்யைச் சொல்லி அவளைக் கூட்டிப்போக அறிவுச்செல்விக்கு மனம் வரவில்லை.

"தெரியலம்மா," என்றாள். "ஆனாலும் ஆவ, ஆகாமலும் போவ. சத்தியமா எனக்குத் தெரியாது."

"ஏறாதுன்னப்ப தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன். தெரியலன்னா அப்ப அது வேற," என்றாள் சுகன்யா. "நான் பைய எடுத்துட்டு வாரேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அறிவுச்செல்வி பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. சுகன்யா இரண்டு வரிசை முன்னால் போய் யாரோ ஒரு அம்மாள் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வழியில் ஈஸ்வரன் போன் செய்தார். ஜெஸ்ஸி மூலம் விஷயம் அதற்குள் பள்ளி வாட்ஸ்அப் குழு முழுக்கப் பரவியிருந்தது.

"என்ன டீச்சர் காரியம் பண்றீங்க. நூறு போச்சுன்னா ரிசல்ட்டு உங்க பாடத்தத்தான் காட்டும்."

"காட்டட்டும் சார். அவ எழுதுறா," என்று வைத்துவிட்டாள். வீரமெல்லாம் இல்லை, அவர் திரும்பக் கூப்பிடுமுன் போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டாள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் முத்துப்பேச்சி நின்றிருந்தாள். மகளை இழுத்து, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். பிறகு அறிவுச்செல்வியைப் பார்த்தாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து அறிவுச்செல்வி அதற்குத் தயாராக நின்றாள். திட்டியிருந்தால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

"சாப்டீங்களா டீச்சர்?" என்றாள் முத்துப்பேச்சி. "வெயில்ல அம்புட்டுத் தூரம் போயிருக்கீங்க."

அறிவுச்செல்வி தலையை மட்டும் ஆட்டினாள். கைப்பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்துச் சுகன்யாவிடம் கொடுத்தாள். சுகன்யா அதை வாங்கி, போட்டோ தன்னுடையதுதானா என்று ஒருமுறை சரிபார்த்து, நான்காக மடிக்காமல் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள்.

"நாளைக்கு நான் வீட்டுக்கு வாரேம்மா. வரைபடத்த ஒரு தடவ போட்டுப் பாத்துருவோம். திங்கக்கெழம செண்டருக்கும் வந்து நிக்கிறேன், பயப்படாத."

"வேணாம் டீச்சர்," என்றாள் சுகன்யா. மரியாதையாகத்தான் சொன்னாள், வகுப்பில் எழுந்து நின்று சொல்கிற மாதிரி. "நான் ஜெஸ்ஸிகிட்டக் கேட்டுக்கிறேன். செண்டருக்கும் நீங்க வராதீங்க. உங்களப் பாத்தா எனக்குப் படிச்சதெல்லாம் மறந்துரும்."

முத்துப்பேச்சி, "ஏய், டீச்சரப் போயி," என்று மகளின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அதற்குள் நிலக்கோட்டை பஸ் வந்துவிட்டது. சீட்டுப் பிடிக்க இரண்டு பேரும் கூட்டத்துக்குள் ஓடினார்கள். அறிவுச்செல்வி பஸ் நகரும்வரை அங்கேயே நின்றாள். சுகன்யா ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தாள், இந்தப் பக்கம் திரும்பவில்லை.