வர்ணம் பூசிய கலப்பை

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், அக்டோபரில் மக்காச்சோளம் அறுத்து முடித்ததும் ஏதாவது ஒரு வயலில் உழவு நாள் நடக்கும். வயலுக்கு உழவு தேவையா என்று யாரும் கேட்பதில்லை. புல் வெட்டவும் பனி தள்ளவும் அறுபது வருஷத்துக்கு முன்பு செய்த குட்டித் தோட்ட டிராக்டர்களில், பெரிய பெரிய மனிதர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து நாளெல்லாம் உழுது தள்ளுவார்கள். பைத்தியக்காரக் கூட்டம் என்று ஊரில் பேச்சு. ஆர்லீனைக் கேட்டால், பைத்தியம்தான், அதற்கென்ன என்பாள்.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஆர்லீனிடம் ‘ப்ரேரி பிரின்ஸ்’ என்ற சிவப்பு டிராக்டர் இருந்தது. அதற்கென்றே செய்த கலப்பை டெல்பர்ட்டிடம் இருந்தது. வேறு கலப்பை அந்த வண்டியில் மாட்டாது. அந்தக் கலப்பையும் வேறு வண்டியில் மாட்டாது. ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு பண்ணை ஏலத்தில் இரண்டையும் தனித்தனியாக விற்றுத் தொலைத்தார்கள். கலப்பையை எடுத்த டெல்பர்ட், டிராக்டர் வர நேரமாகும் என்று நம்பி ஆப்பிளை உள்ளே வைத்துச் சுட்ட ‘ஆப்பிள் பை’ பலகாரம் வாங்கும் வரிசையில் போய் நின்றான். பையும் கையுமாகத் திரும்பியபோது டிராக்டர் ஆர்லீனுடையதாகியிருந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நீ விற்றுவிடு என்று ஒருவரை ஒருவர் நச்சரிப்பதோடு சரி. ஆனால் ஆர்லீனுக்கு உள்ளுக்குள் ஓர் ஏக்கம் உண்டு. தன் வண்டி தன் கலப்பையோடு உழுவதை ஒரே ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இந்த வருஷம் டெல்பர்ட் கலப்பையைக் கொண்டுவந்து, மேஜையில் கட்டம் போட்ட துணி விரித்து அதன்மேல் வைத்திருந்தான். கைப்பிடியிலிருந்து மண்ணைப் புரட்டும் தகடு வரைக்கும் பளபளவென்று சிவப்பு வர்ணம். ‘தொடாதீர்கள்’ என்று ஓர் அட்டை வேறு.

“யோவ், இது கலப்பையா, கல்யாணக் கேக்கா?” என்றாள் ஆர்லீன்.

“வயித்தெரிச்சல் படாதம்மா. கண்ணாலதானே பாக்கிற, பாத்துக்கோ.”

“மாட்டிப் பாக்கத் தைரியம் இருக்கா? ஒரே ஒரு சால் ஓட்டுறேன். நேரா போனா கலப்பை எனக்கு.”

“கோணினா?”

ஆர்லீன் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. “வண்டி உனக்கு” என்று சொல்லிவிட்டாள்.

உழவு நாளை நடத்தும் டிராக்டர் சங்கத்தின் செயலாளர் நாரிஸ் வயலின் இரண்டு முனையிலும் குச்சி நட்டுக் கயிறு பிடித்தார். கலப்பையை டெல்பர்ட்டே மாட்டினான். வேறு யாரையும் தொட விடவில்லை. இணைப்பு ஊசி ‘டொக்’ என்று துளைக்குள் இறங்கிய சத்தம் ஆர்லீனுக்குத் தேனாக இனித்தது.

பத்தடிகூடப் போகவில்லை. பழகாத கல்லில் ஊற்றிய தோசை மாதிரி மண் தகட்டில் அப்பிக்கொண்டது. புரளவே இல்லை. கலப்பை எம்பி, சரிந்து, மறுபடி குத்தி, பாம்பு போன தடம் மாதிரி ஒரு கோட்டை இழுத்துவிட்டு நின்றது.

ஆர்லீன் இறங்கினாள். கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. சாவியை எடுத்து நீட்டினாள். “இந்தா. பேச்சுன்னா பேச்சு.”

டெல்பர்ட் சாவியைப் பார்க்கவே இல்லை. குனிந்து தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வர்ணம்” என்றான். “தகட்டுல யாராவது வர்ணம் அடிப்பாங்களா? அது மண்ணு தேச்சுத் தேச்சு வழுவழுன்னு ஆகணும். நான் ஆறு கோட் அடிச்சிருக்கேனே, மடையன்!”

“அழகு சோறு போடுமா?” என்று கூட்டத்தில் யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

“நாரிஸ், சுரண்டுற தகடு இருக்கா உங்கிட்ட?”

“ஏய், பாழாப் போயிடும்யா!” என்றாள் ஆர்லீன், தன்னை மீறி.

“போகட்டும். இப்ப ஓட்டினது கணக்கில்ல, மறுபடி ஓட்டு. இந்தக் கலப்பை வேலை செஞ்சு நானும் பாத்ததில்ல.”

மண்டியிட்டுச் சுரண்ட ஆரம்பித்தான். சிவப்புச் சுருள்கள் உதிர்ந்தன. ஒவ்வொரு சுருளுக்கும் அவன் முகம் சுருங்குவதைப் பார்க்க ஆர்லீனுக்குப் பொறுக்கவில்லை. உப்புத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை இருவரும் தேய்த்தார்கள்.

இரண்டாவது முறை வண்டி நகர்ந்தபோது மண் கறுப்பாக எழுந்து, மடிந்து, அழகாகப் படுத்தது. ஆர்லீன் கயிற்றைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் யாரோ கத்திக்கொண்டே ஓடி வந்தார்கள். மறுமுனையில் திரும்பிப் பார்த்தாள். சால் நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஓடி வந்தது டெல்பர்ட். மூச்சிரைக்க, தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு நின்றான்.

“பாத்தியா! எப்படிப் புரட்டுது பாத்தியா!”

தோற்றவன் சந்தோஷம் இப்படியா இருக்கும்? ஆர்லீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இறங்கி இருக்கையைத் தட்டிக் காட்டினாள். “ஏறு. திரும்பிப் போறது உன் சால்.”

அவன் ஓட்டிய சால் கோணலோ கோணல். தகட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் வேறெப்படி இருக்கும்?

சாயங்காலம் டெல்பர்ட் ஊசியை உருவக் கை வைத்தான். “கலப்பை உன்னுது. கழட்டித் தனியா ஏத்தவா?”

ஆர்லீன் அவன் கையைத் தட்டிவிட்டாள். “அதைக் கழட்டுனே, கையை ஒடிச்சிருவேன். குளிர்காலம் பூரா உன் கொட்டகையில, கோடையில என் கொட்டகையில. ரெண்டும் ஒண்ணாவே.”

டெல்பர்ட் சாப்பாட்டு மேஜைக்குப் போய் ஒரு தட்டில் ஆப்பிள் பையோடு வந்தான். அதை அவள் கையில் கொடுத்துவிட்டு வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டான்.

“நீ சாப்பிடு” என்றான். “இந்தத் தடவை வண்டியை நான் பாத்துக்கிறேன்.”